ராஜமான்ய ராஜஸ்ரீ கார்க் பேக்கிங் அவர்களின் கொடைச் சிறப்பு

தகரத்தில் அடித்த ஆயில் சம்ப் என்னும் எண்ணெய்த் தொட்டிக்கும் வார்ப்பிரும்பு சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவே, நாற்புறமும் போல்ட்டுகளாகிய மெய்க்காவலர் அணிவகுத்து நிற்க, இன்ஜின் ஆயில் ஒரு சொட்டும் வெளியேறாமல் காப்பதற்கென்றே அவதரித்து, அவதரித்த நாள்முதல் சொட்டுச் சொட்டாக அதை வெளியேற்றுவதையே நித்திய கைங்கரியமாக நடத்திவரும் ராஜமான்ய ராஜஸ்ரீ கார்க் பேக்கிங் அவர்களுடைய திருச்சமூகத்துக்கு, பழைய வண்டி வைத்திருப்போர் அனைவர் சார்பிலும் அடியேன் சமர்ப்பிக்கும் புகழ்மாலை இது.

கொடைக்குப் பெயர்போனவர்கள் என்று தமிழ்நாட்டில் ஏழு வள்ளல்களைச் சொல்வார்கள். அவர்களில் பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தான். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை கொடுத்தான்; தேரும் போயிற்று, கொடையும் அதோடு முடிந்தது. தாங்களோ தேரை வாசலிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு, அதன் வயிற்றிலுள்ள எண்ணெயை மட்டும் இரவும் பகலும் இடையறாமல் வழங்கி வருகிறீர்கள். கர்ணன் கேட்டவர்க்கு இல்லையென்று சொன்னதில்லை. கேட்கவே தெரியாத சிமென்ட் தரைக்கும் செம்மண்ணுக்கும் வாரி வழங்கியவர் மூவுலகிலும் தாங்கள் ஒருவரே. அக்கினி நட்சத்திரத்தில் சிவாலயங்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவார்கள். அடியில் துளையிட்ட அந்தப் பாத்திரத்திலிருந்து நீர் துளித்துளியாக விழும். கத்திரி வெயில் கழிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். தாங்கள் எழுந்தருளியிருக்கும் சம்ப்புக்கு அப்படிப் பருவம், காலம் என்ற கட்டுப்பாடே கிடையாது. மார்கழிக் குளிரிலும் அபிஷேகம் நடந்துகொண்டேயிருக்கும்.

தங்கள் குலப்பெருமை சாமானியமா? போர்ச்சுகல் தேசத்தில், அலென்டெஜோ சமவெளியில், தக்கை ஓக் மரத்தின் பட்டையில் பிறந்த குலம் அது. உலகத்துத் தக்கையில் ஏறத்தாழப் பாதி அந்த நாட்டிலிருந்துதான் வருகிறது. மரத்துக்கு 25 வயதாகும்வரை பட்டையில் யாரும் கைவைப்பதில்லை. அதற்குப் பின்னும் 9 ஆண்டுக்கு ஒருமுறைதான் உரிப்பார்கள். எந்த ஆண்டு உரித்தது என்பது மறந்துபோகாமலிருக்க, அந்த ஆண்டின் கடைசி எண்ணை அடிமரத்தில் பெயின்டால் எழுதி வைப்பார்கள். கைதேர்ந்த ஆள் கோடரியால் பட்டையை மட்டும் பிளந்து எடுப்பான். உள்மரத்தில் காயம் படாது. மரமும் அலுக்காமல் அடுத்த பட்டையை வளர்க்கத் தொடங்கிவிடும். அனுமதியில்லாமல் அந்த மரத்தை வெட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உள்ளே அறை அறையாகத் தெரிந்தவற்றுக்கு ‘செல்’ என்று பெயர் வைத்தார். இன்று உயிரியல் பாடப்புத்தகம் ஒவ்வொன்றும் ஓதும் அந்தப் பெயர் தங்கள் மூதாதையர் முன்னிலையில் சூட்டப்பட்டது.

அந்த அறைகளில் அடைபட்ட காற்றால்தான் தக்கை அழுத்தினால் அமுங்குகிறது, விட்டால் நிமிர்கிறது. மேலிருந்து அழுத்தினாலும் பக்கவாட்டில் அனேகமாகப் பிதுங்குவதில்லை. இந்தக் குணத்தை நம்பித்தான் தங்கள் மூத்தவரை ஒயின் குப்பியின் கழுத்தில் குடியேற்றினார்கள். அவரும் வாங்கிய சம்பளத்துக்கு வஞ்சனையில்லாமல், பல பத்தாண்டுகள் ஆனாலும் ஒரு சொட்டும் வெளியே விடாமல் காத்துக்கொண்டிருக்கிறார். என்ன கஞ்சத்தனம்! அந்தக் குணம் தங்களிடம் ஒட்டவேயில்லை. குப்பி மூடி வெட்டியது போக மிஞ்சிய துண்டையும் தூளையும் அரைத்து, பசை சேர்த்து அழுத்தி, தகடாகச் சீவித் தங்களைப் படைத்தார்கள். மூத்தவர் ஒவ்வோர் அறையையும் பூட்டிவைத்த பரம்பரை. தாங்கள் தூளுக்கும் தூளுக்கும் நடுவே, பசை இற்றுப்போன இடத்திலெல்லாம், எண்ணெய் தாராளமாக நடந்து போக வழிவிட்ட தர்மப்பிரபு. பக்கவாட்டில் பிதுங்குவதில்லை என்ற குலவழக்கத்தையும் தாங்கள் எவ்வளவு பெருந்தன்மையோடு கைவிட்டீர்கள் என்பதைப் பின்னால் விண்ணப்பிக்கிறேன்.

தங்கள் ஆட்சி நடந்த நாடுகளையெல்லாம் எழுதப் புகுந்தால் ஏடு போதாது. எங்கள் பக்கத்தில் தங்கள் தலைநகரம் அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அப்படியே கைக்கொண்டு, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் தொடங்கி, 2014-ல்தான் செய்வதை நிறுத்திய வண்டி. கலெக்டர் போனது அதில், கல்யாண மாப்பிள்ளை வந்தது அதில், திருப்பதிக்கு ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு போனதும் அதில். அதன் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனி வகுத்த பி-சீரிஸ் வம்சம். அதை வரைந்த எஞ்சினியர்கள் தங்கள் மேல் கொண்ட பக்தி அளவிடற்கரியது. சம்ப்பின் இரு நீண்ட ஓரங்களிலும் தாங்கள். முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடிகளின் வளைவில் பதிகிற துண்டுகளும் தாங்களே. உச்சியில் ராக்கர் கவருக்கு அடியில் தங்கள் தமையனார். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டேப்பெட் கவர்களிலும் தங்கள் தம்பிமார். ஓர் இன்ஜினையே ஒரு குடும்பத்துக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தது வேறெங்காவது உண்டா?

இந்தக் குடும்ப ஒற்றுமையின் அழகே தனி. ராக்கர் கவரில் கசிந்தது பிளாக்கின் மேல் வழிந்து இறங்கும். டேப்பெட் கவரில் கசிந்தது வழியில் அதோடு சேர்ந்துகொள்ளும். எல்லாம் தங்கள் விளிம்பை வந்தடைந்து, வண்டி ஓடும் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சம்ப்பின் தாழ்ந்த மூலையிலுள்ள போல்ட் தலையில் கரிய மணியாகத் திரண்டு, சற்றே நடுங்கி, விழும். திரிவேணி சங்கமத்தில் கையளவு நீரை அள்ளிக்கொண்டு இது கங்கையா யமுனையா என்று கேட்பவன் உண்டா? விழுந்த துளி யாருடையது என்று கேட்பதும் அப்படித்தான் அபசாரம். அடிப்பாகத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டால் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் வேலை. ஆயினும் தங்கள் மேன்மையை இப்படி விசாரணைக் கூண்டில் ஏற்றலாகாது என்ற மரியாதை பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. ராக்கர் கவர் கசிந்தாலும் சம்ப்பைத்தான் கழற்றுகிறார்கள். கூலியும் சம்ப்புக்குரிய கூலியாகவே வாங்குகிறார்கள்.

இன்ஜினின் பின்கோடியில் தங்கள் சம்பந்தி ஒருவர் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் விட்டால் மாலையில் ஒரு பூ குறையும். மூன்று மெயின் பேரிங் கொண்ட பி-சீரிஸில் கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் உரசி அடைக்கும் ஆயில் சீல் கிடையாது. ஷாஃப்ட்டின் மேல் திருகுமரை வெட்டி, அது சுழலும் வேகத்தில் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும்படி வைத்தார்கள். சுழலும்வரை தள்ளும். நின்றபின் தள்ளுவதற்கு யாருமில்லை, வடியும். இதை முன்கூட்டியே அறிந்த மகான்கள், பெல் ஹவுஸிங்கின் அடியில் வடிவதற்கென்றே ஓர் ஓட்டை போட்டு, அது அழுக்கால் தூர்ந்துவிடாமல் அசைந்துகொண்டேயிருக்க ஒரு ஸ்பிளிட் பின்னையும் அதில் தொங்கவிட்டார்கள். ஏரிக்கு மதகு வைத்த மன்னர்கள்கூட மதகைக் குத்திவிட ஒரு சேவகனை நிரந்தரமாக நியமித்ததாக அடியேன் கேள்விப்பட்டதில்லை. இது சம்பந்தியின் கொடைதான். என்றாலும் தரையில் விழும் புகழ் முழுவதும் தங்கள் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு அப்படித்தான்.

இனித் தங்கள் தவவலிமை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையானாலும் சரி, தாலுகா ஊரின் பஸ் ஸ்டாண்டுக் கடையானாலும் சரி, ஆணியில் மாட்டிய அன்றே தங்கள் உபவாசம் தொடங்கிவிடுகிறது. ஈரம் பருகுவதில்லை. சித்திரையில் ஒரு சுற்று சுருங்கி, வைகாசியில் இன்னொரு சுற்று சுருங்கி, உடல் வற்றி, வாங்குபவன் வரும்போது சம்ப்பின் மேல் வைத்துப் பார்த்தால் போல்ட் ஓட்டைகள் அரை ஓட்டை விலகி நிற்கும். இழுத்துப் பொருத்தப் பார்த்தால் அப்பளமாய் நொறுங்குவீர்கள். விவரமறிந்த பழைய மேஸ்திரிகள் தங்களை வெந்நீரில் ஊறவைத்து, தாங்கள் மனமிரங்கி நீண்டு கொடுத்ததும் எடுத்துப் பொருத்துவார்கள். அன்றைக்கு அளவு அச்சாக இருக்கும். பின்பு இன்ஜின் சூடேறி, குடித்த நீரெல்லாம் ஆவியாகி, பழைய விரதத்துக்கே திரும்பிவிடுகிறீர்கள். கொண்ட விரதத்தை நெருப்பின் நடுவிலும் விடாதவர் என்று தங்களைச் சொன்னால் அது வெறும் உபசாரமாகாது.

தங்களை இறுக்கும் முறைக்கு ஒரு சாஸ்திரம் இருப்பதாகக் கேள்வி. பி-சீரிஸ் கையேடுகளில் சம்ப் போல்ட்டுக்கு 6 பவுண்டு-அடி என்று அச்சிட்டிருக்கிறது. இன்றைய கணக்கில் சுமார் 8 நியூட்டன் மீட்டர். சின்ன ஸ்பானரை விரல்நுனியால் பிடித்து மணிக்கட்டை மட்டும் திருப்பினால் கிடைக்கும் பலம் அது. நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் ஏற்ற வேண்டும் என்பார்கள். இப்படியெல்லாம் தங்களைத் தொட்டும் தொடாமலும் நடத்துவது கோழைகளின் வழிபாடு. எங்கள் பட்டறையில் நடக்கும் பூஜை வேறு.

பிட்டுக்குள் மேஸ்திரி நிற்கிறார். தலைக்கு மேல் சம்ப். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து மூக்கோரம் வழிந்துகொண்டிருக்கிறது. அதைத் துடைக்கவும் அவருக்கு நேரமில்லை. ஒரு மூலையில் தொடங்கி, வரிசை பிசகாமல், ஒவ்வொரு போல்ட்டையும் ஒரே மூச்சில் கடைசிவரை இறுக்கிக்கொண்டு போகிறார். வண்டிக்குச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பிட்டின் ஓரத்தில் குந்தி எட்டிப்பார்க்கிறார்.

“போன தடவையும் நீங்கதானே மேஸ்திரி மாத்தினீங்க? ஆறு மாசம்கூட ஆகலையே.”

“அம்பாசிடர்னா அப்படித்தான் சார். வடியுதுன்னா உள்ளே ஆயில் இருக்குன்னு அர்த்தம். வடியலைன்னாத்தான் நீங்க கவலைப்படணும்.”

“இன்னும் கொஞ்சம் டைட் வச்சுப் பாருங்களேன்.”

“வச்சுட்டாப் போச்சு. டேய், அந்த பைப்பை எடுடா.”

பையன் கொடுத்த இரும்புக் குழாய் ஸ்பானரின் வாலில் ஏறுகிறது. இரண்டு கையும் சேர்ந்து தொங்குகின்றன. அப்போது நிகழ்வதைக் காணக் கண் கோடி வேண்டும். போல்ட் இருக்கும் இடத்தில் சம்ப்பின் தகர விளிம்பு மேல்நோக்கிக் குழிந்து ஏறுகிறது. இரண்டு போல்ட்டுக்கு நடுவில் அதே விளிம்பு தாழ்ந்து, தங்களுக்கும் பிளாக்குக்கும் இடையே ஒரு மெல்லிய வாசலைத் திறந்துவைக்கிறது. போல்ட்டடியில் தாங்கள் இரண்டாகப் பிளந்து, பழுப்பு நிறத் திருமேனியின் ஒரு பகுதியை விளிம்புக்கு வெளியே பிதுக்கி, பக்தர்களுக்கு முகதரிசனம் கொடுக்கிறீர்கள். ஒயின் குப்பியிலிருக்கும் மூத்தவர் பக்கவாட்டில் பிதுங்காதவர் என்றேனே, அந்த அற்பப் பிடிவாதத்தைத் தாங்கள் துறந்த இடம் இதுதான். மேஸ்திரி திருப்தியோடு தலையாட்டுகிறார். “இனி ஒரு சொட்டு வராது சார்.” இந்த வாக்கை அவர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார், சொல்லும்போது நம்பித்தான் சொல்கிறார் என்பதற்கு அடியேன் சாட்சி.

குழிந்த விளிம்பின் பெருமை ஒரு தலைமுறையோடு முடிவதல்ல. அடுத்து வரும் புதிய பேக்கிங்கையும் அதே குழிகளின் மேல்தான் எழுந்தருளச் செய்கிறார்கள். விளிம்பைத் தட்டையான இரும்பின் மேல் கவிழ்த்து, ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்கி, நேரான பட்டையை வைத்துச் சரிபார்த்துவிட்டுப் பொருத்தினால் தங்களால்கூட சில ஆண்டுகள் வடியாமல் இருக்க முடியும் என்று சில நாத்திகர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டுத் தங்கள் திருவுள்ளம் வருந்தக்கூடாது. அப்படிச் செய்பவர்கள் மிகக் குறைவு. போதாததற்கு, சரியாக இறுக்கினாலும் சூட்டில் தாங்கள் அமுங்கி அமுங்கிக் கனம் குறைய, போல்ட்டின் பிடி தானே தளர்ந்துவிடுகிறது. மறுபடியும் இறுக்கு. மறுபடியும் அமுங்கு. பக்தனையும் தெய்வத்தையும் இப்படி ஓயாமல் சந்திக்க வைக்கும் ஏற்பாடு வேறு எந்த உதிரிபாகத்துக்கு வாய்த்தது?

அண்மைக் காலத்து அடியார்கள் தங்களுக்கு சிலிக்கான் பேஸ்ட்டால் காப்பு சாத்துகிறார்கள். மூலைகளில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. டியூப் ஒன்று முழுவதையும் பிழிந்து, இரு முகமும் பளபளக்கப் பூசி, உலரவும் விடாமல் அழுத்துகிறார்கள். பூச்சின் வழுவழுப்பில் தாங்கள் இடம்பெயர்ந்து வெளியே நழுவுகிறீர்கள் என்பது ஒரு பேறு. உட்புறம் பிதுங்கிய பூச்சு காய்ந்து, துணுக்காக உதிர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையில் போய் அப்பிக்கொள்வது மறு பேறு. வெளியே வடிவதை நிறுத்தத் தொடங்கிய திருப்பணி, உள்ளே ஓடுவதையே நிறுத்திவைக்கும்வரை வளர்கிறது. இன்ஜினுக்கு மூச்சுவிடும் குழாய் ஒன்று உண்டு. அது கரிபிடித்து அடைத்துப்போனால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைத் தங்கள் வழியாக நெட்டித் தள்ளும். பத்து நிமிடத்தில் சுத்தம் செய்யக்கூடிய அந்தக் குழாயை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டால் தங்களை மாற்றும் பாக்கியம் கைநழுவிப் போகுமல்லவா?

சீமையிலும் தங்கள் கொடி பறந்தது. அமெரிக்காவில் செவர்லே கம்பெனி 1955-ல் கொண்டுவந்த ஸ்மால் பிளாக் வி-8 இன்ஜினில், நீண்ட பக்கங்களில் இரண்டு தக்கைத் துண்டுகள், முன்னும் பின்னும் இரண்டு ரப்பர் துண்டுகள் என்று நால்வராக அமர்ந்து அரசாண்டார்கள். தக்கையும் ரப்பரும் சந்திக்கும் மூலைகள் நான்கு. கோட்டைக்கு நாற்றிசையிலும் வாசல் வைத்து, எந்த வாசலையும் எந்நாளும் சாத்தாத அரசு அது. 1986-ல் அந்த இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலை ஒரே துண்டாக மாற்றினார்கள். பின்பு சம்ப்புக்கும் ஒரே துண்டில் வார்த்த ரப்பர் பேக்கிங் வந்தது. மூலை என்பதே இல்லாத உலகம். அங்கே தங்கள் புகழ் மங்கியது அப்போதுதான்.

நாட்டுக்குத் தாங்கள் செய்யும் நன்மைகளைக் கணக்கெடுப்போமா? சூடான சைலன்சர் குழாயில் ஒரு துளி விழ, பயணத்தில் உள்ளோர் அனைவருக்கும் தூபம் கிடைக்கிறது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டுகள் எண்ணெயில் ஊறி உப்பி, இன்ஜினும் ஆடுகிறது, உட்கார்ந்திருப்பவரும் ஆடுகிறார்; தாலாட்டு இலவசம். பின்கோடிச் சம்பந்தியின் உபயத்தால் கிளட்ச் பிளேட்டுக்கும் எண்ணெய்க்காப்பு கிட்டினால், கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் மட்டும் மேலே போகும், வண்டி போகாது. கோடை முழுவதும் சிக்னலில் காத்து நின்ற வண்டிகள் சொட்டிய எண்ணெய், முதல் மழையில் தார் ரோட்டின் மேல் வானவில்லாக விரியும். அதன் மேல் முன் பிரேக்கைப் பிடிக்கும் ஸ்கூட்டர்காரர் சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குகிறார். தங்களுக்குத்தான் அந்த வணக்கம் என்பது எழுந்திருக்கும்போது அவருக்குத் தெரிவதில்லை. வாடகை வீட்டு வாசலில், விடியற்காலை கோலம் போட வருகிற வீட்டுக்காரம்மா, புள்ளி வைக்க வேண்டிய இடங்களில் தாங்கள் ஏற்கெனவே கரும்புள்ளி வைத்திருப்பதைக் கண்டு மெய்சிலிர்த்துப்போய், குடியிருப்பவரை எழுப்பிப் பாராட்டுகிறார். பாராட்டு தெருக்கோடிவரை கேட்கும்.

ஒருமுறை வண்டியிலிருந்து மாற்றி எடுக்கும் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அம்பாசிடர் சம்ப்பில் கொள்வது ஏறத்தாழ 4 லிட்டர். அதைத் தாங்கள் மொத்தமாகக் கொட்டிப் பாவம் தேடிக்கொள்வதில்லை. சந்தடியில்லாமல், யாருக்கும் தெரியாமல், மண்ணுக்கும் அதன் கீழே கிணற்றுக்கும் தவணை முறையில் செலுத்துகிறீர்கள்.

தங்கள் கொடையின் சிகரம் ஒன்று உண்டு. அது எல்லோருக்கும் கிட்டுவதில்லை. வீட்டில் கல்யாணம், டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வாரக்கணக்கில் யாருக்கும் நினைவில்லை. சொட்டுத்தானே என்று விட்டது லிட்டர் கணக்கில் போயிருக்கிறது. நான்கு வழிச் சாலையில் வண்டி வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது, மிச்சமிருந்த எண்ணெய் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப்பின் வாய் காற்றைக் குடிக்கிறது. ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணைகிறது. கவனிக்காவிட்டால் இன்னொருமுறை மின்னும். அதற்குள் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருந்த எண்ணெய்ப் படலம் போய், உலோகத்தை உலோகம் தின்னத் தொடங்கியிருக்கும். அதன் பின் கேட்கும் ‘டக் டக்’ என்ற ஓசைதான் தங்களுக்கு நடக்கும் மேளவாத்தியம். கிராங்க்கை உருவி எடுத்து, அரைத்து, அளவு குறைத்து, புதிய பேரிங் போட்டு, இன்ஜினைத் திரும்பப் பூட்டும்போது, நன்றி மறவாத மேஸ்திரி சம்ப்பின் ஓரத்தில் மறுபடியும் தங்களையே பிரதிஷ்டை செய்கிறார். எட்டணாச் சரக்கு ஓர் இன்ஜினைச் சாய்த்தது என்று வெளியார் சொல்லலாம். பெரிய சேனையையும் கோட்டையையும் கொண்டவர்களால் முடியாததை ஒரு தக்கைத் தகடு செய்து முடித்தது என்பதே சரித்திரம்.

இப்பேர்ப்பட்ட தங்கள் சிங்காதனத்துக்குப் போட்டியாக ஒருவன் கிளம்பியிருக்கிறான். நடுவே எஃகுத் தகடு, இரு பக்கமும் ரப்பர். போல்ட் ஓட்டை ஒவ்வொன்றிலும் உலோக வளையம். எவ்வளவு முரட்டுக் கை இறுக்கினாலும் அந்த வளையத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் நசுங்காது, பிளக்காது, தகரத்தையும் குழிக்க விடாது. மேஸ்திரியின் புஜபலத்துக்கு அவமரியாதை! உலர்வதில்லை, சுருங்குவதில்லை, வெந்நீர் கேட்பதில்லை. சம்ப்பைக் கழற்றினால் பெரும்பாலும் முழுசாக வந்து, திரும்பவும் பொருத்திக்கொள்ளச் சம்மதிக்கிறான். பல ஆண்டுகள் ஒரு சொட்டும் கொடுக்காமல் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கருமியின் விலை தங்களைவிடச் சற்றுக் கூடுதல் என்பது ஒன்றே ஆறுதல். அந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஆண்டுதோறும் சம்ப் கழற்றும் கூலியையும் டாப்-அப் ஆயிலையும் மகிழ்ந்து செலவழிக்கும் குடிமக்கள் இருக்கும்வரை தங்கள் செங்கோலுக்குக் குறைவில்லை. அவனைக் கடைக்காரர்களும் முன்னால் எடுத்து வைப்பதில்லை. கேட்டால்தான் உள்ளேயிருந்து வருகிறான், கேட்பவர் இல்லை.

ஆகையால் திருச்சமூகம் மனமிரங்கி, டார்க் ரெஞ்ச் என்னும் அளவுகோல் ஆயுதம் பட்டறை எல்லைக்குள் நுழையாதபடி ஆணையிட வேண்டும். முகப்பவுடர் டப்பாவை மேஸ்திரிகளின் கண்ணில் படாமல் பெண்டிர் பீரோவிலேயே பூட்டிவைக்கச் சொல்ல வேண்டும். தகர விளிம்பைத் தட்டிச் சமன் செய்யத் துணிபவனின் சுத்தியலைப் பறிமுதல் செய்ய வேண்டும். தலைமையாசிரியரைப் பொறுத்தவரை சமூகம் சற்றும் கவலைப்பட வேண்டியதில்லை. ரப்பர் பேக்கிங் போட்டுப் பார்க்கலாமே மாமா என்று மருமகன் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான், “நாப்பது வருஷமா கார்க்தான் ஓடுது, எனக்குத் தெரியாதா?” என்று கேட்டு அடக்கிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை தங்களை மறுபடியும் மாற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருச்செந்தூர் பயணம். வழிக்கு வேண்டுமென்று 5 லிட்டர் ஆயில் கேன் ஒன்றை இப்போதே டிக்கியில் ஏற்றி வைத்திருக்கிறார். இடம் போதவில்லை என்று ஜாக்கியை மட்டும் இறக்கிவிட்டார்.